ஜெம் தளத்தில் அரசுக்கு விற்பது எப்படி? பதிவிலிருந்து பணம் கைக்கு வரும் வரை

எங்கள் பட்டறையில் ஸ்டீல் பீரோவும் ஃபைல் ரேக்கும் செய்கிறோம். மத்திய அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் இணையச் சந்தையான ஜெம்மில் எங்களுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் 12 பீரோ. எல்-1, அதாவது ஆகக் குறைந்த விலை சொன்னவர், நாங்கள்தான் என்று தெரிந்ததும் பட்டறையில் எல்லாருக்கும் ஸ்வீட். மறுநாள் சாவகாசமாக ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தால் 10 பீரோ சென்னைக்கு, 2 பீரோ போர்ட் பிளேருக்கு. லாரி வாடகை மட்டும் கணக்குப் போட்டு விலை சொல்லியிருந்தோம். கப்பல் கூலி எங்கள் கணக்கிலேயே இல்லை. இதில் ஏமாற்றியவர் என்று யாரும் கிடையாது. பிட் (டெண்டர்) ஆவணத்தில் ஊர்ப் பெயர் தெளிவாகவே இருந்தது. அந்தப் பக்கம் வரை நாங்கள்தான் போகவில்லை.

அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படித்துக் காட்டுவதற்குத்தான் இந்த வழிகாட்டி. சிறு தயாரிப்பாளர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வாங்கி விற்பவர்களுக்கு எங்கெங்கே விதி மாறுகிறது என்பதையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

முதலில், எந்தக் கதவு?

முன்பெல்லாம் மத்திய அரசு அலுவலகங்களுக்கான பொது உபயோகப் பொருட்களுக்கு டி.ஜி.எஸ்.&டி. என்ற டெல்லி இயக்ககம் விலையை முன்கூட்டியே பேசி முடித்து 'ரேட் கான்ட்ராக்ட்' போட்டு வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் இருக்கிற கம்பெனியிடம்தான் பெரும்பாலும் வாங்குவார்கள். பட்டியலுக்குள் நுழைவதே தனி வேலை. 2016 ஆகஸ்ட் 9 அன்று ஜெம் என்ற இணையச் சந்தை தொடங்கியது. அடுத்த ஆண்டு அதை நடத்த அரசே ஒரு நிறுவனம் அமைத்தது. 2017 அக்டோபர் 31ஆம் தேதியோடு டி.ஜி.எஸ்.&டி.யை மூடிவிட்டார்கள்.

ஜெம்மில் கிடைக்கிற பொருளை மத்திய அமைச்சகங்களும் துறைகளும் ஜெம்மில்தான் வாங்க வேண்டும் என்பது பொது நிதி விதிகள் 2017-இன் 149ஆவது விதி. பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும் அங்கேயே வாங்குகின்றன. ஆக, ரயில்வேயோ, திருச்சி பெல்லோ, மத்தியப் பல்கலைக்கழகமோ, உங்கள் தெருமுனையில் இருக்கிற பொதுத்துறை வங்கியோ உங்கள் வாடிக்கையாளர் ஆக வேண்டுமென்றால் ஜெம்தான் வாசல்.

தமிழ்நாடு அரசின் துறைகளுக்கு வாசல் வேறு. அங்கே 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருந்தும். டெண்டர்கள் மாநிலத்தின் சொந்த இ-டெண்டர் தளத்தில் வரும். அதைக் கடைசியில் பார்க்கலாம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, ஜெம்மில் பதிவு செய்துவிட்டு மாநகராட்சி டெண்டருக்காகக் காத்திருந்தவரை எனக்குத் தெரியும்.

காகிதங்கள்: பெயர் ஒன்றாக இருக்கட்டும்

பான், ஆதார், ஜி.எஸ்.டி. எண், வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல், உத்யம் சான்று (குறு, சிறு நிறுவனப் பதிவு). இவ்வளவும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். சிக்கல், இந்தக் காகிதங்கள் இருக்கின்றனவா என்பதில் இல்லை, ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதில்தான். ஒரு சான்றில் 'ஸ்டீல்ஸ்', இன்னொன்றில் 'ஸ்டீல் இண்டஸ்ட்ரீஸ்', வங்கியில் உரிமையாளர் பெயர் மட்டும் என்று இருந்தால், பதிவிலேயே இடிக்கும் அல்லது பிட்டில் ஆவணம் சரிபார்க்கும்போது இடிக்கும். இரண்டாவது மோசம், ஏனென்றால் அதற்குள் பிட் போய்விட்டிருக்கும். முதலில் உட்கார்ந்து எல்லாப் பெயரையும் முகவரியையும் ஒரே மாதிரி திருத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை.

உத்யம் சான்றில் நீங்கள் 'தயாரிப்பு' என்று இருக்கிறீர்களா, 'வணிகம்' என்று இருக்கிறீர்களா என்று பாருங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் ஆணையின் சலுகைகள் தயாரிப்பாளருக்கும் சேவை வழங்குபவருக்கும்தான். வாங்கி விற்கும் வணிகருக்குக் கிடையாது. பட்டறை வைத்திருந்தும் சான்றில் வணிகம் என்று மட்டும் போட்டுவைத்திருப்பவர்கள் நிறைய. ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் அவசரத்தில் டிக் செய்ததாக இருக்கும்.

பதிவு

பதிவுக்குக் கட்டணம் இல்லை. முகவரியின் முடிவில் 'ஜிஓவி.இன்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். 'ஜெம் பதிவு' என்று தேடினால் அரசுத் தளம் மாதிரியே முகப்பு வைத்துக்கொண்டு சில ஆயிரம் கேட்கிற தனியார் பக்கங்களும் வந்து நிற்கும். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வது தப்பில்லை, நானும் வைத்திருந்தேன். ஆனால் முதன்மைப் பயனர் கணக்கு உரிமையாளர் அல்லது பங்குதாரரின் சொந்தக் கைபேசியிலும் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். உதவியாளருக்கு இரண்டாம் நிலைப் பயனர் கணக்கு திறந்து கொடுக்கலாம். தளத்திலேயே அந்த வசதி இருக்கிறது. புரோக்கரின் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்துவிட்டு, ஆர்டர் வந்தது தெரியாமலே டெலிவரித் தேதியைத் தாண்டியவர்கள் உண்டு.

பரிவர்த்தனைக் கட்டணம் பற்றிப் பழைய பயம் ஒன்று உலவுகிறது. 2024 ஆகஸ்டிலிருந்து 10 லட்சம் ரூபாய் வரையான ஆர்டருக்குக் கட்டணமே இல்லை. அதற்கு மேல் 10 கோடி வரை 0.30 சதவீதம், 10 கோடிக்கு மேல் மொத்தமாக 3 லட்சம். எங்களை மாதிரி பட்டறைகளின் ஆர்டர்களில் பெரும்பாலானவை முதல் வரம்புக்குள்ளேயே முடிந்துவிடும்.

கேட்லாக்: பெருமைக்கு எழுதாதீர்கள்

விற்பனையாளராக நீங்கள் ஓ.இ.எம். ஆகலாம், அதாவது தயாரிப்பாளர். அல்லது ரீசெல்லர், அதாவது வாங்கி விற்பவர், ஆகலாம். ரீசெல்லருக்குத் தயாரிப்பாளரின் அனுமதி தேவை. அது தளத்தின் வழியாகவே வர வேண்டும். தயாரிப்பாளருக்குப் பல வகைகளில் 'வெண்டர் அசெஸ்மென்ட்' என்ற ஆய்வு உண்டு. பட்டறை, இயந்திரம், பரிசோதனைக் கருவி, ஆவணங்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

பிறகு பொருளைப் பட்டியலில், அதாவது கேட்லாக்கில், ஏற்ற வேண்டும். சரியான வகையைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. பீரோவை 'வீட்டு அலமாரி'யில் போட்டால் எந்த அலுவலகமும் உங்களைக் கண்டுபிடிக்காது. வகைக்குள் போனதும் அளவுருக்கள் வரும்: உயரம், அகலம், தட்டுகள் எத்தனை, தகட்டின் கனம், பூச்சு, பூட்டு, உத்தரவாதம். வாங்குபவர் இவற்றை வடிகட்டித்தான் தேடுவார், பிட் போடும்போதும் இவற்றிலிருந்துதான் தேர்வு செய்வார். இங்கே நீங்கள் டிக் செய்வது விளம்பரம் அல்ல, வாக்குமூலம். 0.8 மில்லிமீட்டர் தகட்டில் செய்துகொண்டு 0.9 என்று போட்டால், நாளைக்கு வருகிற பொருள் 0.9 ஆகத்தான் இருக்க வேண்டும்.

படத்தில் உங்கள் பொருளே இருக்கட்டும். இணையத்தில் எடுத்த படம் போட்டவர்களின் கேட்லாக் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். பீரோவை வெளியே தூக்கிவந்து, பின்னால் வெள்ளை வேட்டி கட்டி, கைபேசியில் எடுத்தோம். அது முதல் தடவையிலேயே ஏற்கப்பட்டது.

அரசு எப்படி வாங்குகிறது

மூன்று வழி. சிறு தொகை என்றால் அதிகாரி தரமும் டெலிவரியும் ஒத்துவருகிற ஒரு விற்பனையாளரிடம் நேரடியாக வாங்கலாம். நடுத்தரத் தொகைக்கு, குறைந்தது மூன்று வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பொருளை ஒப்பிட்டு, அதில் குறைந்த விலையை எடுக்க வேண்டும். அதற்கு மேல் பிட் அல்லது ரிவர்ஸ் ஏலம் (விலையை இறக்கிக்கொண்டே போகும் ஏலம்) கட்டாயம். தொகை வரம்புகளை நிதி அமைச்சகம் அவ்வப்போது மாற்றுகிறது. அது அதிகாரியின் கவலை. உங்களுக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: பட்டியலில் விலையும் இருப்பும் எப்போதும் நடப்பில் இருக்க வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு வழிகளில் உங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை. காலையில் ஆர்டரோடுதான் விழிப்பீர்கள். இரும்பு விலை ஏறிய வாரத்தில் பட்டியல் விலையை மாற்ற மறந்தால், பழைய விலைக்குச் செய்து கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பிட் ஆவணத்தை எந்த வரிசையில் படிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். எல்லாரும் முதல் பக்கத்தில் எண்ணிக்கையையும் முடிவுத் தேதியையும் பார்த்துவிட்டு விலைக்குத் தாவுகிறார்கள். நான் இப்போது பின்னாலிருந்து படிக்கிறேன்.

முதலில் கன்சைனி அட்டவணை. பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளும் அதிகாரிதான் கன்சைனி. பெயரும் முகவரியும் வர வேண்டிய இடத்தில் வரிசையாக நட்சத்திரக் குறிகள் இருக்கும், ஊர் மட்டும் தெரியும். பக்கத்தில் எத்தனை, எத்தனை நாளில். எங்கள் போர்ட் பிளேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. ஜெம்மில் சொல்கிற விலை பொருளை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது வரை, ஜி.எஸ்.டி., வண்டி, இறக்குக் கூலி எல்லாம் அதற்குள். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக லாரி வாடகை விசாரித்துக்கொள்ளுங்கள். மாடியா என்று தெரியாது, அதனால் மாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வாங்குபவர் சேர்த்த கூடுதல் நிபந்தனைகள், 'ஏ.டி.சி.' என்று சொல்வார்கள். பொது நிபந்தனைகள் எல்லாருக்கும் ஒன்று. இது இந்த பிட்டுக்கு மட்டும். ஆய்வகச் சோதனை அறிக்கை, மாதிரிப் பொருள், இன்ன முத்திரைத் தாளில் உறுதிமொழி என்று எதுவும் இருக்கலாம். அதில் கேட்ட ஒரு காகிதம் விட்டுப்போனால் தொழில்நுட்பச் சுற்றிலேயே வெளியே. எவ்வளவு குறைத்து விலை போட்டிருந்தாலும் உறை பிரியாது.

பிறகு தகுதி வரிகள். எத்தனை ஆண்டு அனுபவம், எவ்வளவு விற்றுமுதல், குறு சிறு நிறுவனங்களுக்கு இதில் விலக்கு உண்டா இல்லையா என்று 'ஆம், இல்லை' வடிவில் இருக்கும். முன்வைப்புத் தொகையான இ.எம்.டி.யில் தயாரிப்பாளரான சிறு நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. அதற்கான சான்றைப் பதிவேற்ற வேண்டும், தானாக வராது. ஒப்பந்தப்படி செய்து முடிப்போம் என்பதற்கான செயல்திறன் உத்தரவாதம் வேறு. அது ஆர்டர் கிடைத்த பிறகு கொடுப்பது, அதற்கும் விலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வங்கியில் பேங்க் கேரண்டி வாங்குவதற்கு ஆகும் நாட்களையும், அதற்காக வங்கி பிடித்துவைக்கும் மார்ஜின் பணத்தையும் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வரி: ஒப்பந்தம் போடும்போது எண்ணிக்கையைக் குறிப்பிட்ட சதவீதம் கூட்டவோ குறைக்கவோ வாங்குபவருக்கு உரிமை உண்டு என்று இருக்கும். 40 ரேக் என்று நினைத்துத் தகடு வாங்கிப் போட்டால் ஆர்டர் 50க்கு வரலாம், 30க்கும் வரலாம்.

சலுகை எங்கே வேலை செய்கிறது

2012 ஆணைப்படி, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நடத்துவனவற்றுக்கு 3 சதவீதம். 358 பொருட்கள் சிறு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஸ்டீல் பீரோவும் அந்தப் பட்டியலில் வருகிறது. உங்கள் பொருள் அதில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஒதுக்கீடு இல்லாத பொருளென்றால் 15 சதவீத விதி. ஒரு பெரிய கம்பெனி 10,000 ரூபாய் போட்டு எல்-1 ஆகிறது, நீங்கள் 11,400. உங்கள் விலை 11,500-க்குள் இருப்பதால், 10,000-க்கே கொடுக்கச் சம்மதமா என்று உங்களிடம் கேட்பார்கள். சம்மதித்தால் ஆர்டரில் ஒரு பங்கு, பிரிக்க முடியாத பொருளென்றால் முழுவதும் உங்களுக்கு. கேள்வி, 10,000-க்குக் கட்டுமா என்பதுதான். கட்டாவிட்டால் விட்டுவிடுங்கள்.

உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை தரும் 'மேக் இன் இந்தியா' ஆணையும் உண்டு. உள்நாட்டு மதிப்பு 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் வகுப்பு உள்ளூர் சப்ளையர், 20க்கு மேல் 50க்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. பீரோ செய்பவருக்கு இதில் பெரிய தலைவலி இல்லை. இறக்குமதிப் பாகம் போடுகிற மின்னணுக்காரர்கள்தான் கால்குலேட்டரோடு உட்கார வேண்டும்.

ரிவர்ஸ் ஏலம்: எழுதிவைத்த எண்

பல பிட்டுகளில் தொழில்நுட்பச் சுற்று முடிந்ததும் தேர்வானவர்களுக்குள் இறங்குமுக ஏலம் நடக்கும். அதிக விலை போட்டவரை ஏலத்துக்கே விடாமல் நீக்குகிற முறையும் பல இடங்களில் உண்டு. அதனால் 'முதலில் ஏற்றி வைப்போம், ஏலத்தில் இறக்கிக்கொள்ளலாம்' என்கிற தந்திரம் திருப்பி அடிக்கும்.

ஏலத்துக்கு முன்னால் ஒரு காகிதத்தில் தகடு, பூச்சு, கூலி, பூட்டு, வண்டி, பணம் தாமதமாவதால் வருகிற வட்டி எல்லாம் கூட்டி, இதற்குக் கீழே போக மாட்டேன் என்ற எண்ணை எழுதி மானிட்டரில் ஒட்டுங்கள். கடைசி நேரத்தில் யாராவது குறைத்தால் நேரம் நீளும். திரையில் எண்கள் இறங்க இறங்க மனுசனுக்கு ஒரு வெறி வரும். எங்கள் வீட்டில் ஏலத்தன்று மவுஸ் என் மனைவியிடம்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

ஆர்டருக்குப் பிறகு: கன்சைனியின் மேசை

ஜெம் வாங்கும் கடையைத்தான் ஓரிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. பொருளை வாங்கிக்கொள்ளும் ஆள் இன்னமும் அந்தந்த ஊரில், ஒரு மேசைக்குப் பின்னால்தான் இருக்கிறார். உங்கள் பணம் அந்த மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஒப்பந்தம் வந்த அன்றே கன்சைனியைத் தொலைபேசியில் பிடியுங்கள். இப்போது நட்சத்திரங்கள் விலகி, பெயரும் எண்ணும் தெரியும். எந்தக் கட்டடம், லாரி உள்ளே வருமா, எந்த நேரம், கேட் பாஸ் யார் தருவார் என்று கேளுங்கள். மரியாதையாக, சுருக்கமாக. அனுப்பும்போது தளத்தில் இன்வாய்ஸ் விவரத்தை ஏற்றுங்கள். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (வண்டியோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போவதென்றால் வரம்பு 1 லட்சம்.

பொருள் இறங்கியதும் கன்சைனி 48 மணி நேரத்துக்குள் தளத்தில் பி.ஆர்.சி. போட வேண்டும், வந்து சேர்ந்தது என்ற தற்காலிகச் சீட்டு. அப்புறம் பரிசோதித்து 10 நாளுக்குள் சி.ஆர்.ஏ.சி., அதாவது ஏற்புச் சான்று. அதன் பிறகு 10 நாளில் பணம். விதி இப்படித்தான் சொல்கிறது.

பரிசோதனை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு அலுவலகத்தில் வந்த பொறியாளர் சட்டைப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். பீரோவின் கதவை விட்டுவிட்டு உள்தட்டை உருவி, அதன் ஓரத்தில் வைத்து அளந்தார். பிறகு, பூச்சு 50, 60 மைக்ரான் இருக்கும், இரண்டு பக்கமும் கழியுங்கள் என்று எங்களையே கணக்குப் போடச் சொன்னார். எண் சரியாக வந்தது. இல்லாவிட்டால் பீரோக்களை எங்கள் செலவில் திரும்ப ஏற்றியிருக்க வேண்டும். அன்றிலிருந்து தகடு வாங்கும்போதே ஒவ்வொரு கட்டிலும் அளந்து, சப்ளையரின் பில்லோடு குறித்து வைக்கிறோம்.

தாமதமானால் வாரத்துக்கு 0.5 சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் பிடித்தம். தேதி தவறும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தளத்தில் நீட்டிப்புக் கேளுங்கள். தொலைபேசியில் "பரவாயில்லை, அடுத்த வாரம் கொண்டாங்க" என்று சொன்னதை கணினி அறியாது.

பணம் வரவில்லை என்றால்

எங்களுக்கு ஒருமுறை நான்கு மாதம் இழுத்தது. பொருள் நல்லபடியாக இறங்கி, பீரோவில் ஃபைல்கூட அடுக்கிவிட்டார்கள். கன்சைனிக்கு இடமாற்றம், புதிதாக வந்தவருக்குத் தளத்தில் கணக்கு மாற்றித் தரப்படவில்லை. பி.ஆர்.சி.யோடு எல்லாம் நின்றுவிட்டது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அதனால் யாரிடம் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

இப்படி ஆனால் முதலில் கன்சைனியோடு நிற்காமல், ஒப்பந்தம் போட்ட அதிகாரிக்கும் பணம் தருகிற அதிகாரிக்கும் ஆர்டர் எண்ணோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். தளத்தில் 'இன்சிடென்ட்' என்ற புகார் வழியும் இருக்கிறது. இறக்கும்போது கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய டெலிவரி சலானை ஸ்கேன் செய்து வைத்திருந்தால் பாதிச் சண்டை முடிந்த மாதிரி.

அதற்கும் அசையாவிட்டால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம். ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும் பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு போகக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தச் சட்டப்படி இணையத்தில் புகார் பதிந்தால் அது, இப்படி நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கிற வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு இடங்களில் மன்றம் இருக்கிறது. இதுவும் வணிகர்களுக்குப் பொருந்தாது, தயாரிப்புக்கும் சேவைக்கும்தான்.

மாநில டெண்டர்: நீல நிறக் கட்டமும் ஒரு பொத்தானும்

தமிழ்நாடு அரசின் டெண்டர் தளம் தேசியத் தகவல் மையத்தின் ஜெப்னிக் மென்பொருளில் ஓடுகிறது. மத்திய அரசின் டெண்டர் தளமும் பல மாநிலத் தளங்களும் அதே மென்பொருள்தான். ஒன்றைப் பழகினால் மற்றவை கைவந்துவிடும்.

இங்கே கேட்லாக் கிடையாது. டெண்டர் வந்தால் விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். வாங்கும்போது கையொப்பச் சான்று, குறியாக்கச் சான்று இரண்டும் சேர்த்துக் கேளுங்கள். யு.எஸ்.பி. டோக்கனில் வரும். அதன் காலாவதித் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

விலைப் பட்டியல் ஒரு எக்செல் கோப்பாக வரும். வெளிர் நீலக் கட்டங்களை மட்டும் நிரப்புங்கள். கோப்பின் பெயரை மாற்றாதீர்கள், வரிசை சேர்க்காதீர்கள். மாற்றினால் தளம் ஏற்காது. நீங்கள் போடும் விலை குறியாக்கம் ஆகிப் பூட்டப்படும். திறக்க நியமிக்கப்பட்ட அதிகாரிகளில் ஒருவர் மட்டும் நினைத்தால் திறக்க முடியாது. ஒன்றுக்கு மேற்பட்டவர் தங்கள் டோக்கனைச் சொருக வேண்டும்.

எல்லாம் ஏற்றிய பிறகு 'ஃப்ரீஸ் பிட் சப்மிஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால்தான் டெண்டர் போய்ச் சேரும். பிட் எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வரும். ஆவணம் எல்லாம் பச்சை டிக் காட்டுகிறதே என்று மூடிவிட்டுத் தூங்கப் போனவர்கள் எங்கள் தொழிற்பேட்டையிலேயே இரண்டு பேர். கெடு நேரம் உங்கள் கைக்கடிகாரத்தின்படி அல்ல, திரையின் மேலே ஓடுகிற சர்வர் கடிகாரத்தின்படி. நாங்கள் முதல் நாள் மாலையிலேயே அழுத்திவிட்டு, ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து ஃபைலில் போட்ட பிறகுதான் ஷட்டரை இறக்குவோம்.